அழகேசன் கட்டிய கூலி வேஷம்

மலாயாவில் கல்லுமலை ரப்பர் தோட்டத்தில் அழகேசனுக்கு இரண்டு வேலைகள். விடியற்காலையில் பால்மரம் வெட்டுவது ஒன்று. அதற்குச் சம்பளம் உண்டு. திருவிழாவுக்குத் திருவிழா வேஷம் கட்டுவது இன்னொன்று. அதற்குச் சம்பளம் கிடையாது, பேர் உண்டு. பாடாங் செராயிலிருந்து புக்கிட் செலம்பாவ் வரைக்கும் எந்தத் தோட்டத்தில் போய் 'வேஷக்கார அழகேசன் வீடு எங்கே' என்று கேட்டாலும், முதலில் சிரித்துவிட்டுத்தான் வழி சொல்வார்கள்.

ஆள் பார்க்க ஒன்றுமில்லை. ஒல்லி, மாநிறம், காது மட்டும் கொஞ்சம் பெரிசு. ஆனால் யாரையாவது ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டான் என்றால் தீர்ந்தது, அந்த ஆளைச் சட்டை மாதிரி எடுத்து மாட்டிக்கொள்வான். வேலை வாங்கும் மண்டோர் திட்டுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவதும், கணக்கு எழுதும் கிராணி பொடி போட்டுவிட்டுத் தும்மலுக்காகக் காத்து நிற்பதும் அவன் உடம்பில் ஏறி உட்கார்ந்துவிடும். வேஷத்துக்கு அவன் மாவு பூசியதில்லை, மீசை ஒட்டியதில்லை. ஒரு தொப்பியும் தோளில் ஒரு துண்டும் போதும்.

அவனுடைய பெரிய உருப்படி 'துரையும் கூலியும்'. மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் சாயங்காலம், மஞ்சள் தண்ணீர் காய்வதற்குள், கோயில் முன்னால் கூட்டம் கூடிவிடும். தொப்பியை வைத்தால் வெள்ளைக்கார துரை. தொப்பியை எடுத்தால் கூலி. இரண்டு பேரும் அவனே. தொப்பி கழன்ற மாத்திரத்தில் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்குப் போகும், முதுகு வளையும், வலது கை பின்மண்டைக்குப் போய்ச் சொறிய ஆரம்பிக்கும், வாய் பாதி திறந்து நிற்கும்.

"பால் புடிக்கிற மங்கு ஒடச்சது யாரு?"

"தெரியாதுங்க தொர."

"மரத்துல காயம் போட்டது யாரு?"

"தெரியாதுங்க தொர."

"உன் பேராச்சும் தெரியுமாடா?"

சொறிந்து, யோசித்து, வானத்தைப் பார்த்து, கடைசியில், "கங்காணியக் கேட்டுச் சொல்றேனுங்க தொர!"

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஏன் அத்தனை சிரிப்பு என்று வெளியாளுக்குப் புரியாது. தோட்டத்தில் ஒரு விஷயம் தெரியும் என்று ஒத்துக்கொள்வது ஆபத்தான காரியம். புகைக்கொட்டகை அடுப்பைச் சரிசெய்யத் தெரியும் என்று ஒருவன் வாய் தவறிச் சொல்லிவிட்டால், ஞாயிற்றுக்கிழமையும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், கையில் ஒன்றும் வைக்க மாட்டார்கள். யார் அடித்தது, யார் திருடியது என்று தெரியும் என்றால் சாட்சிக்கு இழுப்பார்கள். அதனால் துரைக்கு முன்னால் யாருக்கும் எதுவும் தெரியாது. குடியிருக்கும் லயத்தில் நாலு வீட்டுக்கு நியாயம் சொல்கிற மனுஷன்கூட, காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் துரை வந்து நின்றால் தலையைச் சொறிவான். துரையும் இவர்கள் இவ்வளவுதான் என்று முடிவுகட்டிப் போய்விடுவான். பெரட்டுக் களத்தைத் தாண்டியதும் சொறிந்த கை கீழே இறங்கும், சிரிப்பு மேலே வரும்.

ஆக, அழகேசன் காட்டிய கூலி மடையன் இல்லை. மடையனாக நின்று துரையை மடையனாக்குகிறவன். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும், துரைக்கு மட்டும் தெரியாது. அதில்தான் ருசி.

ருசிக்காத ஆள் ஒருத்தன் இருந்தான். பக்கிரிசாமி. அழகேசனின் மனைவி குணவதிக்குக் கூடப்பிறந்த அண்ணன், இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவன். அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் கூலி சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். பக்கிரிசாமி பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினான், இறங்கவில்லை. தோட்டத்தை விட்டே துரத்தினார்கள். பிறகு ஆள் கிடைக்காமல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வந்தவன் சைக்கிளை விற்றுவிட்டு நடக்க ஆரம்பித்தான். நடக்கிறவனை யாரும் இறங்கச் சொல்ல முடியாதல்லவா? அப்படி ஒரு பிடிவாதம்.

ஒரு திருவிழா முடிந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் சொன்னான்.

"நல்லாத்தான் பண்றீங்க மாப்ளே. அதான் பயமா இருக்கு."

"என்னா பயம் மச்சான்? தொரயத்தானே கிண்டல் பண்றேன்? நம்மள அவன் எப்படிப் பாக்குறான்னு எடுத்துக் காட்டுறேன்."

"எடுத்துக் காட்டுறதுக்கு நீங்க அதுவாத்தானே நிக்கிறீங்க? தொரகிட்ட ஒரு கண்ணுதான் இருந்துச்சி. அத எல்லாருக்கும் குடுத்துட்டு வர்றீங்க."

"நீங்க சிரிக்கலியா?"

"சிரிச்சேன். அதான் கோவம். சிரிச்சிட்டு லயத்துக்கு நடக்கறப்ப, என் கை எங்க இருக்குன்னு நானே பாத்துக்கிட்டேன்."

குணவதி குழம்பை ஊற்றிக்கொண்டே குறுக்கே வந்தாள். "பேசாம இருந்துட்டா மட்டும் தொர நம்மள ராஜான்னு நெனச்சிருவானாக்கும்? சாப்புடுங்கண்ணே."

மூன்று பேரில் யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. 'தோட்டத்துக் கூலி என்றால் இப்படி' என்று மேலே ஒரு பத்தி எழுதியாகிவிட்டதே, அதுவும் அதே வம்புதான். எழுதாமல் கதையைச் சொல்லவும் வழியில்லை.

அழகேசனையும் ரொம்பத் தூக்கி வைக்க வேண்டாம். பாடாங் செராயில் மளிகைக் கடை வைத்திருந்த பஷீர் பாயையும் அவன் விட்டுவைக்கவில்லை. பருப்பு நிறுக்கும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே தராசுத் தட்டில் சுண்டுவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வேஷம். பஷீர் பாய் அப்படிச் செய்த ஆளே இல்லை. கடைக்காரன் என்றால் அப்படித்தான் என்று ஜனங்கள் சும்மா பேசிக்கொள்வது, அதை அழகேசன் விரலால் செய்து காட்டினான், அவ்வளவே. அடுத்த சம்பள நாளிலிருந்து கடைக்கு வந்த பெண்கள் பருப்பைப் பார்க்கவில்லை, பாய் விரலைத்தான் பார்த்தார்கள்.

"உனக்குத் தமாசுலா அழகேசா," என்றார் பாய். "நான் இப்ப ஒரு கையத் தூக்கிக் காட்டிக்கிட்டே நிறுக்குறேன். தோள்பட்டை வலிக்குது."

"சும்மா சிரிக்கத்தானே பாய்" என்று சொல்லிவிட்டு வந்தான் அழகேசன். மறந்தும் போனான்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்கார துரை காரில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது கிராணி பரஞ்சோதி ஓடிப்போய், "நாங்க என்ன செய்யிறது துரை?" என்று கேட்டார். துரை தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தெரியாது என்றான். அவன் வாயிலும் அந்தச் சொல் இருக்கிறது என்று தோட்டம் அன்றைக்குத்தான் கண்டது.

துரை பங்களாவில் புதிதாக வந்து உட்கார்ந்தவன் மொரிதா. சண்டைக்கு முன்னால் சுங்கை பட்டாணியில் போட்டோக் கடை வைத்திருந்தவன். சந்தை மலாய் நன்றாகப் பேசுவான். கூலிகளோடு அதில்தான் பேச்சு. கெட்டவன் என்று சொல்வதற்கில்லை, நல்லவன் என்றும் சொல்வதற்கில்லை. ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, மோவாயைப் பிடித்து இப்படி அப்படித் திருப்பிப் படம் எடுத்துப் பழகியவன். எல்லாரையும் அப்படித்தான் பார்த்தான்.

பால் வாங்க ஆளில்லை, பாதி மரம் சும்மா நின்றது. அரிசி மறைந்து மரவள்ளிக்கிழங்கு வந்தது. வேட்டி கிழிந்தபோது சாக்கு வந்தது. சிப்பாயைப் பார்த்தால் குனிய வேண்டும். குனிந்தது போதவில்லை என்றால் மடையா என்கிற மாதிரி 'பகேரோ' என்று ஒரு கத்தலும் கன்னத்தில் ஓர் அறையும். ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த பழைய வித்தையைக் கையில் எடுத்தார்கள். யார் என்ன கேட்டாலும் தலையைச் சொறிந்தார்கள். வெள்ளைக்காரனிடம் எடுபட்டது இவனிடம் எடுபடாமலா போகும் என்று நினைத்தார்கள். அங்கேதான் பிசகிப்போனது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாள் வந்தது. ஒவ்வொரு தோட்டமும் ஏதாவது ஆட்டம் பாட்டு காட்ட வேண்டும் என்று உத்தரவு. கிராணி பரஞ்சோதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் அழகேசனைக் கூப்பிட்டார்.

"வெள்ளைக்காரனக் கிண்டல் பண்ற உருப்படி உன்கிட்ட இருக்கில்ல? அதப் போடு. இவனுங்களுக்கு அதவிட இனிப்பா என்னா இருக்கு?"

போட்டான். கூலிகளுக்குத் தமிழிலும் பங்களா ஆட்களுக்கு மலாயிலும் மாற்றி மாற்றிப் பேசினான். தொப்பி வைத்தபோது மொரிதா தொடையில் தட்டிச் சிரித்தான். அவன் பக்கத்தில் சுங்கை பட்டாணியிலிருந்து வந்த அதிகாரி ஒருவன், கத்தியும் பூட்ஸுமாக, சிரிக்காமல் உட்கார்ந்திருந்தான். தொப்பி கழன்றது. துண்டு இடுப்புக்குப் போனது, கை தலைக்குப் போனது. அதிகாரி முன்னால் சாய்ந்தான். இரண்டாவது 'தெரியாதுங்க' வந்தபோது வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அழகேசனுக்குப் புதிதாக இருந்தது. அவனுடைய ஜனங்கள் சிரித்தால் கூடவே சிரிக்கிற மாதிரி இருக்கும். இது மேலேயிருந்து கொட்டுகிற மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் பங்களாவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். மொரிதா நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "வெள்ளைக்காரன் போய்விட்டான். அவன் எதற்கு? கூலி மட்டும் போதும்."

துரை இல்லாமல் கூலியை மட்டும் எப்படிச் செய்வது? யாரை ஏய்ப்பதற்காக அவன் தலையைச் சொறிகிறான்? அழகேசன் தொப்பியைக் கீழே வைத்துவிட்டு நின்றான். பிறகு செய்தான். வேறென்ன செய்வான்? மொரிதா கேள்வி கேட்டான், அழகேசன் சொறிந்தான். துரையின் இடத்தில் இப்போது மொரிதா இருந்தான். ஆனால் துரையை ஆட்டி வைத்தவன் அழகேசன். மொரிதா அழகேசனை ஆட்டி வைத்தான்.

அன்றிலிருந்து அது ஒரு வேலையாகிப் போனது. புதிதாக வருகிற மேற்பார்வை ஆட்களுக்குத் தமிழன் எப்படிப்பட்டவன், அவனிடம் எப்படி வேலை வாங்குவது என்று பாடம். பாடத்துக்கு அழகேசன்தான் பொம்மை. முடிந்ததும் ஒரு டப்பா அரிசி கொடுப்பார்கள். லயத்தில் வேறு எந்த வீட்டிலும் அரிசி இல்லாத காலம். குணவதி அதைக் கஞ்சியாக்கிப் பாதியை அண்ணன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவாள். பக்கிரிசாமி தடுக்கவில்லை, பிள்ளைகளின் பசி அவனுக்கும் தெரியும். தான் மட்டும் கிழங்கையே தின்றான்.

"மாப்ளே," என்றான் ஒருநாள், "அவனுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. இது வேஷம், நாங்க இப்படி இல்லன்னு."

அழகேசனுக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஒரு மத்தியானம், பாடம் முடிந்து மற்றவர்கள் போனதும், அவன் முதுகை நிமிர்த்திக்கொண்டு மொரிதாவிடம் சொன்னான்: "துவான், இது விளையாட்டு. உண்மையில் எங்கள் ஆட்கள் இப்படி இல்லை."

மொரிதா சிகரெட்டைக் கீழே வைத்தான். "இப்படி இல்லையா? பின்னே எப்படி?"

அழகேசன் வாயைத் திறந்தான். திறந்தபிறகுதான் தெரிந்தது, சொல்வதற்கு இடமே இல்லை என்று. தெரியாது என்று சொல்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னால், நாளைக் காலை பெரட்டுக் களத்தில் தலை சொறிகிற ஒவ்வொருத்தனும் பொய்யன் ஆவான். ஜப்பான்காரனிடம் பொய் சொன்னவனுக்கு என்ன நடக்கும் என்று பாடாங் செராய் சந்தையில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இல்லை துவான், நாங்கள் இப்படித்தான் என்றால் மாடு ஆவார்கள். மாடு, பொய்யன், இந்த இரண்டு கூண்டுதான் மொரிதாவிடம் இருந்தது. மனுஷனுக்கு என்று மூன்றாவது ஒன்று இல்லை.

யோசனையில் அழகேசனின் வலது கை தானாகத் தலைக்குப் போயிற்று. அவன் வேஷம் கட்டவில்லை. நிஜமாகவே சொறிந்தான்.

மொரிதா கைதட்டிச் சிரித்தான்.

அழகேசன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். கையிலிருந்த அரிசி டப்பாவைக் குணவதியிடம் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தான். கை தன்னுடையது இல்லை என்பது போல அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், நல்ல சம்பளம், சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று முதலில் இனிப்பாகத்தான் பேச்சு வந்தது. போனவர்கள் திரும்பவில்லை. பிறகு பேச்சில்லை, லாரி வந்தது. பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

சுங்கை பட்டாணி அதிகாரி மறுபடியும் பங்களாவுக்கு வந்தான். அழகேசனைச் செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டு, மொரிதாவிடம் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னான். மொரிதா அழகேசனைப் பார்த்து, பரிசு கொடுக்கிறவன் மாதிரி, மலாயில் எடுத்துச் சொன்னான்: "உன்னால் எங்களுக்கு நல்லது. தமிழன் கேள்வி கேட்க மாட்டான், ஓட மாட்டான், சொன்ன இடத்தில் நிற்பான். பாதை வேலைக்கு இவர்கள்தான் தோது என்கிறார்." அதிகாரி எழுந்து நின்று, உரையில் இருந்த கத்தியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் தன் தலையைச் சொறிந்து காட்டினான். அச்சு அசல் அழகேசன்.

லாரி எப்படியும் வந்திருக்கும். ஜப்பான்காரன் அழகேசனைக் கேட்டுக்கொண்டா சண்டைக்கு வந்தான்? அழகேசன் அறிவுக்கு அது தெரியும். ஆனால் அந்தக் கை தன் கை என்பதும் தெரியுமே.

கல்லுமலைத் தோட்டத்துக்கு லாரி வருகிற நாளும் சொல்லப்பட்டது. வீட்டுக்கு ஓர் ஆண். அழகேசன் வீட்டுக்கு விலக்கு. அவன் பங்களாவுக்கு வேண்டியவன். பக்கிரிசாமி வீட்டில் பக்கிரிசாமியை விட்டால் ஆண் கிடையாது.

குணவதி புருஷன் காலடியில் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருகிறவள் இல்லை. "எங்கண்ணன விடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான். ஒங்களப் பாத்தாத்தானே அவனுக்குச் சிரிப்பு வருது?"

"என்னான்னு சொல்லட்டும் குணவதி?"

"எங்கண்ணன் நீங்க பண்ற அந்த ஆளு மாதிரி இல்லன்னு சொல்லுங்க."

அதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கிழங்கு வாங்குகிற வரிசையில் நின்றபோது பஷீர் பாய் பக்கத்தில் வந்து நின்றார். கடையை மூடியாகிவிட்டது, தராசைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அழகேசன் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினான். பாய்க்கு அவன்மேல் இன்னும் கடுப்பு இருந்தது.

"இல்லன்னு சொல்லப்போறியா? சொல்லு. எதை இல்லங்குறேன்னு மொதல்ல நீயே சொல்லித்தானே ஆவணும்? நானும் கடையில ஒரு பலகை எழுதி மாட்டலாம்னு பாத்தேன்லா, 'இங்கே தட்டில் விரல் வைப்பதில்லை'ன்னு. எழுதி மாட்டினேன்னு வையி, வர்றவன் நேரா எங்க பாப்பான்? விரலத்தான் பாப்பான்."

"அப்ப வாய மூடிக்கிட்டு இருக்கவா பாய்?"

"நான் மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பயும் விரலத்தான் பாத்தானுங்க."

அழகேசன் குனிந்து நின்றான். மன்னிப்பு என்று ஏதோ முணுமுணுத்தான். பாய் காதில் வாங்கவில்லை, வரிசை நகர்ந்தது, நகர்ந்துகொண்டார்.

லாரி வந்த காலையில் பெரட்டுக் களத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் லயத்துப் பக்கம் கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப்புறம். பக்கிரிசாமி முன் வரிசையில், ஒரு சிறு மூட்டையோடு, தோளில் துண்டோடு நின்றான். மொரிதாவும் அதிகாரியும் லாரிக்குப் பக்கத்தில். அழகேசனை யாரும் கூப்பிடவில்லை. அவனாக நடந்து போனான்.

ஐந்தாறு அடி தள்ளி நின்றான். துண்டைத் தோளிலேயே விட்டான். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான், வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தபடி. மலாயில், சத்தமாக, நிதானமாகச் சொன்னான்.

"துவான். நான் பங்களாவில் காட்டிய கூலி இந்தத் தோட்டத்தில் இல்லை. அப்படி ஒரு மனுஷனை நான் எங்கேயும் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் பார்த்ததாக நினைத்தான். அதை நான் செய்து காட்டினேன். தப்பு என்னுடையது. இவர்கள் ஆளுக்கு ஆள் வேறு. அதோ நிற்கிறவன் பக்கிரிசாமி. என் மனைவியின் அண்ணன். அவனுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டான். குழம்பில் புளி தூக்கலாக இருந்தால் அவனுக்குப் பிடிக்காது. அவன் ஒருத்தன்தான் இருக்கிறான், அவனைப்போல் இன்னொருத்தன் கிடையாது. அவனை விட்டுவிடுங்கள். அவனுக்குப் பதிலாக நான் ஏறுகிறேன்."

அழகேசன் வாழ்நாளில் வேஷம் இல்லாமல் ஒரு கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. குணவதி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி, என்ன சொல்கிறான் என்று மொரிதாவைக் கேட்டான். மொரிதா சொல்லச் சொல்ல அதிகாரியின் முகம் மாறியது. அவன் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான். மொரிதா அதை மலாயில் போட்டான்: "அன்றைக்குக் காட்டியது பொய்யா? இல்லை, இன்றைக்குச் சொல்வது பொய்யா?"

அதே கூண்டு. அதிகாரியின் கை கத்திப் பிடிக்கு இறங்கியது.

அப்போது முன் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பக்கிரிசாமி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "அடி தூள்! புது வேஷம்டா! கூலி தொர மாதிரி பேசுறான் பாருடா!" என்று கத்தினான். அதையே உடைந்த மலாயிலும் கத்தினான். பக்கத்திலிருந்தவன் ஒரு நொடி திகைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அதற்கடுத்தவனும். அழகேசன் எதிரே நின்றால் சிரித்துப் பழகிய ஜனம். வரிசை முழுக்கச் சிரித்தது. சிலர் புரிந்து சிரித்தார்கள், சிலர் பயத்தில், சிலர் பழக்கத்தில்.

மொரிதாவின் முகம் மலர்ந்தது. ஓகோ என்று அதிகாரியிடம் திரும்பி விளக்கினான். கூலி எஜமானைப்போல் நெஞ்சை நிமிர்த்திப் பேசினால் எப்படி இருக்கும், அதுதான் வேடிக்கை! அதிகாரியின் கை கத்தியை விட்டது. அவன் அழகேசனை மேலும் கீழும் பார்த்தான், தோள் துண்டைப் பார்த்தான், பின்னால் கட்டிய கையைப் பார்த்தான், சிரித்தான். இரண்டு தடவை கைதட்டினான்.

அழகேசன் மச்சானைப் பார்த்தான். பக்கிரிசாமி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. மற்றவர்களுக்கு அது சிரிப்பின் தண்ணீர். போதும் மாப்ளே, பேசாதீங்க என்று அந்த முகம் கெஞ்சியது. மச்சான் சிரிப்பது தன் உயிரைக் காப்பாற்றத்தான் என்று அழகேசனுக்குத் தெரிந்தது. தான் இனி ஒரு வார்த்தை பேசினாலும் இருவருக்கும் முடிவு என்றும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டான். அந்த மூடின வாய்க்காக அவன் கடைசி வரைக்கும் தன்னை மன்னிக்கவில்லை.

ஆட்கள் ஏறினார்கள். பக்கிரிசாமி மூட்டையை முதலில் போட்டுவிட்டு ஏறினான். குணவதி கயிற்றைத் தாண்டி ஓடினாள்; ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் தள்ளினான். லாரி பாடாங் செராய் பக்கம் திரும்பி மறைந்தது. சயாமிலிருந்து பக்கிரிசாமி திரும்பவில்லை. எங்கே விழுந்தான், யார் மண் தள்ளினார்கள் என்று சொல்லத் திரும்பி வந்தவர்களும் இல்லை.

லாரி கிளப்பிய புழுதி அடங்கும் முன்பே மொரிதா அழகேசனின் தோளைத் தட்டினான். "இது பழையதைவிட நன்றாக இருக்கிறது. இனிமேல் இதையும் சேர்த்துச் செய்."

அடுத்த வாரம் செர்டாங்கிலிருந்து புது மேற்பார்வை ஆட்கள் வந்தார்கள். பங்களா முன்கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தது. அழகேசன் முதலில் பழைய கூலியைச் செய்தான். பிறகு துண்டைத் தோளில் போட்டு, கைகளைப் பின்னால் கட்டி, நிமிர்ந்து நின்று, தன் மச்சானுக்குச் சின்னப் பிள்ளைகள் இருப்பதையும், அவனுக்குப் புளி பிடிக்காததையும், அவனைப்போல் இன்னொருத்தன் கிடையாது என்பதையும் சொல்லி, அவனை விட்டுவிடும்படி கேட்டான். நன்றாகச் சிரித்தார்கள். இன்னொரு தடவை என்றார்கள். இன்னொரு தடவை கேட்டான்.